கின்னஸ் கணக்கில் வராத கைவேலை

டிஜே ஷேடோவின் முதல் ஆல்பமான ‘எண்ட்ரொடியூசிங்’ பற்றிப் பேச்செடுத்தாலே ஒரு சாதனைக் குறிப்பு முந்திக்கொண்டு வந்துவிடும். முழுக்க சாம்பிள்களாலேயே, அதாவது பழைய பதிவுகளிலிருந்து வெட்டியெடுத்த ஒலித் துணுக்குகளாலேயே உருவான முதல் ஆல்பம் என்று கின்னஸ் புத்தகம் 2001-இல் அதைப் பதிவு செய்தது. பெருமைதான். ஆனால் அந்தப் பெருமை ஆல்பத்தின் மேல் ஒரு திரையைப் போட்டுவிட்டது என்பேன். எந்தத் துணுக்கு எந்த இசைத்தட்டிலிருந்து வந்தது, அந்தத் தட்டு எவ்வளவு அரியது என்று பட்டியல் போடுவதே ரசனை என்றாகிவிட்டது. ஷேடோவைப் பலரும் பெரிய சேகரிப்பாளராக நினைவில் வைத்திருக்கிறார்கள். அவர் வாசித்தவர். விரலால், அழுத்தம் பார்த்து, காலப்பிரமாணம் பிசகாமல் வாசித்தவர். இந்த ஆல்பத்தை அந்தக் கண்ணோடுதான் அலச வேண்டும்.

இயற்பெயர் ஜோஷ் டேவிஸ். 1972-இல் பிறந்தவர், கலிஃபோர்னியாவில் டேவிஸ் என்ற பல்கலைக்கழக ஊரில் வளர்ந்தவர். அங்குள்ள மாணவர் வானொலியான கே.டி.வி.எஸ்.ஸில் தட்டு சுழற்றிக்கொண்டிருந்த இளைஞரை லண்டனின் மோ வாக்ஸ் இசைத்தட்டு நிறுவனம் அடையாளம் கண்டுகொண்டது. 1993-இல் அது வெளியிட்ட அவருடைய ‘இன்/ஃப்ளக்ஸ்’ பாடகர் இல்லாத, மெதுவாக விரியும் ஹிப் ஹாப். அந்த வகைக்குத்தான் மறு ஆண்டு ‘மிக்ஸ்மேக்’ பத்திரிகை ‘டிரிப் ஹாப்’ என்று பெயர் சூட்டியது. முழு ஆல்பம் 1996 செப்டம்பர் 16 அன்று பிரிட்டனில் வெளியானபோது அவருக்கு வயது 24.

கையிருப்பு என்ன? டெக்னிக்ஸ் டர்ன்டேபிள் ஒன்று, அகாய் எம்.பி.சி. 60 சாம்ப்ளர் ஒன்று, பதிவு செய்ய அலெசிஸ் ஏடாட் இயந்திரம் ஒன்று. ஏறக்குறைய அவ்வளவுதான். எம்.பி.சி. 60-இல் ரப்பர் பொத்தான்கள் 16. ஒவ்வொன்றிலும் ஓர் ஒலியை ஏற்றிவைத்து விரலால் தட்டலாம். மெல்லத் தட்டினால் மெல்ல ஒலிக்கும், ஓங்கித் தட்டினால் ஓங்கி ஒலிக்கும். நினைவகமோ மிகச் சிறியது. நீளமான பகுதியை அப்படியே தூக்கி வைக்க இடமே கிடையாது. எதை விடுவது என்ற முடிவை ஒவ்வொரு முறையும் எடுத்தாக வேண்டும்.

அந்த முடிவுகள் மிகக் கூர்மையாகத் தெரிவது டிரம்ஸில். பழைய ஃபங்க் தட்டுகளில் மற்ற வாத்தியங்கள் ஓய்ந்து டிரம்மர் மட்டும் தனித்து வாசிக்கும் சில விநாடிகள் உண்டு. அதை வட்டமாகச் சுழலவிட்டு மேலே ராப் பாடுவதுதான் ஹிப் ஹாப்பின் ஆரம்பகால வழி. ஷேடோ அந்தச் சில விநாடிகளையும் கூறு போட்டார். கிக் என்ற பெரிய முரசின் அடி தனி, ஸ்நேர் என்ற சிறிய முரசின் அடி தனி, ஹை-ஹேட் என்ற தாளத்தட்டின் அடி தனி. பிறகு அந்த அடிகளை வேறு வரிசையில் தானே தட்டி, அந்த டிரம்மர் ஒருநாளும் வாசிக்காத தாளம் ஒன்றை எழுப்பினார். இதில் காதைத் தீட்டிக் கேட்க வேண்டியது, அடி முடிகிற இடம். நிஜ டிரம்ஸில் ஓர் அடியின் அதிர்வு அடுத்த அடிக்குள் வழிந்து ஓடும். இங்கே வெட்டு விழுந்த இடத்தில் அதிர்வு சட்டென்று அறுகிறது. பழைய அறையின் எதிரொலி பாதியில் நின்றுபோகிறது. அந்த அறுபட்ட மௌனம்தான் இந்த ஆல்பத்தின் தாளத்துக்குப் பதற்றத்தைக் கொடுக்கிறது. மனிதக் கைதான் தட்டுகிறது, ஆனால் எந்த மனிதராலும் இப்படி மேடையில் உட்கார்ந்து தட்ட முடியாது என்ற இரண்டு உணர்வும் ஒருசேர வரும்.

‘பில்டிங் ஸ்டீம் வித் எ கிரெய்ன் ஆஃப் சால்ட்’ பாட்டை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு சின்ன பியானோ வரி திரும்பத் திரும்ப வருகிறது. யாரோ ஒருவர் தன் டிரம்ஸ் பயிற்சி பற்றிப் பேசுகிறார். கோரஸ் குரல்கள் சேர்கின்றன. எதற்கும் அவசரமில்லை. கட்டடம் முழுதாக எழும்பிய பிறகே டிரம்ஸ் முன்னால் வந்து, தனி ஆவர்த்தனம் போல முழு இடத்தையும் எடுத்துக்கொள்கிறது. திறமையை முதல் நிமிடத்திலேயே கொட்டிவிடாமல் இவ்வளவு நேரம் காத்திருப்பது 24 வயதில் எளிதல்ல.

‘ஸ்டெம்/லாங் ஸ்டெம்’ இதற்கு நேர் எதிர். தந்தி வாத்தியங்கள் சாந்தமாகப் போய்க்கொண்டிருக்கும். எந்த முன்னறிவிப்பும் இல்லாமல் டிரம்ஸ் வெடிக்கும். அதே வேகத்தில் அடங்கும். அந்த வெடிப்பு எத்தனை முறை கேட்டாலும் சற்றே முன்னதாக வந்துவிட்டது போலிருக்கிறது.

‘மிட்நைட் இன் எ பெர்ஃபெக்ட் வேர்ல்ட்’ எல்லோரும் கொண்டாடும் பாட்டு, தகுதியானதுதான். பியானோ, லாஸ் ஏஞ்சலஸ் இசையமைப்பாளர் டேவிட் ஆக்சல்ராடின் 1969 ஆல்பத்திலிருந்து வருகிறது. கீழே ஓடுவது ஃபின்லாந்தின் பெக்கா போயோலாவின் பதிவு. இருவருக்கும் இடையே நாடும் வேறு, வேகமும் வேறு. அவர் கையிலிருந்த சாம்ப்ளரில் ஒலியின் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் கூடவே இறங்கும். ஆகவே தாளம் சேர்ந்தால் சுருதி விலகும், சுருதி சேர்ந்தால் தாளம் விலகும். இரண்டும் ஒத்துப்போகும் துணுக்குகளைத் தேடிப் பிடிப்பதற்குத் தட்டறிவு மட்டும் போதாது, சுருதி ஞானம் வேண்டும். இந்தப் பாட்டில் ஒட்டுப்போட்ட இடம் என் காதுக்கு இன்றுவரை தட்டுப்படவில்லை.

அவர் தேர்ந்த தட்டுகளின் பின்னால் ஒரு காலச்சூழலும் இருக்கிறது. 1991 டிசம்பரில் ராப் பாடகர் பிஸ் மார்க்கிக்கு எதிராக நியூயார்க் நீதிமன்றம் அளித்த தீர்ப்புக்குப் பிறகு, அனுமதி பெறாமல் சாம்பிள் எடுப்பது ஆபத்தானது. அனுமதியோ செலவு பிடிப்பது. பலர் ஒரே பிரபலப் பாட்டின் பெரிய துண்டுக்கு விலை கொடுத்து அதன்மேல் ராப் பாடினார்கள். ஷேடோவும் மெட்டாலிக்காவையும் பியோர்க்கையும் தொடத்தான் செய்தார். ஆனால் அவர் மனம் லயித்தது விற்காமல் போன, பெயரே மறைந்துபோன தட்டுகளில். ஆல்பத்தின் அட்டையில் இருப்பதும் சாக்ரமெண்டோ நகரின் பழைய தட்டுக் கடை ஒன்றுதான். ஹிப் ஹாப் 1996-இல் ஏன் தளர்ந்தது என்று கேட்டு, பணத்தைக் கைகாட்டும் ஒரு நிமிடத்துக்கும் குறைவான துண்டு ஒன்றையும் நடுவே வைத்தார். எனக்கு அது தேவையில்லாத இடைச்செருகல். மற்ற பாட்டுகள் அதே கோபத்தைப் பேசாமலேயே பேசிவிடுகின்றன.

குறை என்று சொன்னால் ‘தி நம்பர் சாங்’ பக்கம் கைகாட்டுவேன். வித்தை அதிகம், ஈரம் குறைவு. ‘ஆர்கன் டோனர்’ நேர்மாறு: ஜார்ஜியோ மொரோடரின் ஆர்கன் இசையை நறுக்கி உருட்டும் துள்ளல், இரண்டு நிமிடத்துக்குள் முடிந்துபோகிறது. இன்னும் கொஞ்சம் விட்டிருக்கலாம். பின்னர் அவரே அதை நீட்டி ஒரு வடிவம் தந்தார். ரசிகர்கள் அதைப் பிடித்துக்கொண்டார்கள்.

இது வாசிப்புதான் என்பதற்கு வாசிப்பவர்களிடமிருந்தே ஒரு சாட்சி உண்டு. 1997-இல் ரேடியோஹெட் குழுவின் ‘ஓகே கம்ப்யூட்டர்’ ஆல்பம் வந்தது. அதன் முதல் பாட்டான ‘ஏர்பேக்’கில் டிரம்மர் பில் செல்வே வாசித்த சில விநாடிகளை வெட்டி மாற்றி அடுக்கியதற்கு ஷேடோதான் தூண்டுதல் என்று குழுவினர் சொன்னார்கள். கையில் டிரம்மர் இருந்தும் அவர்கள் அப்படிச் செய்தார்கள். அவர்கள் தேடியது அரிய தட்டை அல்ல, அந்த அறுபட்ட அடியை.

முதல்முறை கேட்பவர்கள் ‘மிட்நைட்’டில் தொடங்க வேண்டாம்; அதன் அழகில் தாளத்தைக் கவனிக்கத் தோன்றாது. ‘பில்டிங் ஸ்டீம்’ பாட்டை ஹெட்போனில் போட்டு, ஸ்நேர் அடியை மட்டும் கடைசிவரை பின்தொடருங்கள்.