இருபத்து மூன்று செயல்கள்: நூலகப் பணியாளர் பாடத்திட்டம் ஒன்றன் நிறையும் குறையும்

நூல்களைத் திறனாய்ந்து எழுதுதல் நம்மிடையே பெருவழக்காக உள்ளது. அந்நூல்களைக் காத்து, வகைப்படுத்தி, கேட்பார்க்கு எடுத்துத் தரும் நூலகப் பணியாளர் எதனைக் கற்கின்றனர், எவ்வாறு கற்கின்றனர் என்பது பற்றி எழுதுவோர் மிகச் சிலரே. பாடநூலைத் திறனாய்தல் போலவே பாடத்திட்டத்தையும் திறனாயலாம். அதற்கும் ஒரு நோக்கம் உண்டு; ஓர் அமைப்பு உண்டு; நிறையும் குறையும் உண்டு. நூலகப் பணியாளர் இணையக் கருவிகளைக் கற்பதற்கென வகுக்கப்பெற்றுப் பல நாடுகளிலும் பரவிய பாடத்திட்டம் ஒன்றனை ஈண்டு ஆராய்வோம். கற்றல் எங்ஙனம் நிகழ்கின்றது என்னும் வினாவே அதன் உள்ளீடாதலின், ஆசிரியப் பெருமக்களுக்கும் இஃது அயலான பொருளன்று.

தோற்றமும் அமைப்பும்

அமெரிக்க நாட்டின் வட கரோலினா மாநிலத்திலுள்ள பெருநகர் ஷார்லட். அங்குள்ள ஷார்லட்–மெக்லன்பர்க் பொது நூலகத்தில் தொழில்நுட்பப் பொறுப்பு வகித்தவர் ஹெலீன் புளோவர்ஸ் அம்மையார். நூலகவியலாளர் ஸ்டீபன் ஆப்ராம், ஓராண்டில் தாம் செய்து பார்க்க விரும்பும் 43 செயல்களைப் பட்டியலிட்டு 2006-ஆம் ஆண்டில் கட்டுரை ஒன்று எழுதினார். அதனை வித்தாகக் கொண்டு அம்மையார் அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் தொடங்கியதே ‘இருபத்து மூன்று செயல்கள்’ எனப் பெயர் பெற்ற பாடத்திட்டமாகும்.

காலம் 9 வாரம், செயல்கள் 23. பணியாளர் ஒவ்வொருவரும் தமக்கென ஒரு வலைப்பூ தொடங்குதல் வேண்டும். பின்னர் ஒளிப்படங்களை ஃபிளிக்கரில் ஏற்றிப் பார்த்தல், பல தளங்களில் வெளிவரும் புதியனவற்றை ஒரே இடத்திற்குக் கொணரும் செய்தியோடையை அமைத்தல், இணையப் பக்கங்களுக்குக் குறிச்சொல் இடுதல், தம் வீட்டு நூல்களை லைப்ரரிதிங் தளத்தில் பட்டியலிடுதல், பலர் கூடி எழுதும் விக்கிப் பக்கத்தில் திருத்தம் செய்தல், போட்காஸ்ட் எனப்படும் ஒலித்தொடர் கேட்டல் என்று செயல்கள் விரிகின்றன. இறுதிச் செயல், கற்றதைத் திரும்பிப் பார்த்து எழுதுதல்.

இதன்கண் இரண்டு புதுமைகள் உள்ளன. ஒன்று, வகுப்பறையும் ஆசிரியரும் இன்மை. பணியாளர் தாமே முயன்று பார்த்தல் வேண்டும். இடர்ப்பட்டால் உடன் பணியாற்றுவோரைக் கேட்டல் வேண்டும். மற்றொன்று, ஒவ்வொரு செயலையும் முடித்தவுடன் கண்டதையும் கருதியதையும் தம் வலைப்பூவில் எழுதுதல் வேண்டும் என்னும் விதி. விரும்புவோர் புனைபெயரிலும் எழுதலாம். இருபத்து மூன்றையும் முடித்தோர்க்கு எம்பி3 ஒலிக்கருவி ஒன்று பரிசு.

நன்னூல் வகுத்த அளவு

இப்பாடத்திட்டத்தை மதிப்பிடுதற்கு ஓர் அளவுகோல் வேண்டும். பவணந்தி முனிவரின் நன்னூற் பாயிரம் அதனை நமக்கு அளிக்கின்றது. ஆசிரியர் கூறியதை முழுமையாகக் கொண்டாலும் மாணாக்கன் அடைவது புலமையின் காற்கூறே. உடன் பயில்வாரோடு பழகுதலால் வருவது மற்றொரு காற்கூறு. எஞ்சிய பாதி, தான் கற்றதைப் பிறர்க்கு எடுத்துரைப்பதனாலேயே நிரம்பும் என்பது அந்நூலின் கருத்து. எல்லாம் நம்மிடம் முன்பே உண்டு என்று பெருமை பேசுதற்காக இதனை ஈண்டுக் கூறவில்லை. ஷார்லட் நகரத்தார் நன்னூலைப் பார்த்துப் பாடம் வகுத்தாரும் அல்லர். கற்றலின் கூறுகளை நிறுத்துப் பார்க்க இதனினும் தெளிவான துலாக்கோல் கிடைத்தல் அரிது என்பதே காரணம்.

அக்கோலில் வைத்துப் பார்த்தால் இப்பாடத்திட்டத்தின் இயல்பு விளங்கும். அது முதற் காற்கூறாகிய ஆசிரியரைத் துணிந்து விலக்கியது. மற்றை முக்காற் கூறுகளின் மேல் நம்பிக்கை வைத்தது. அதன் நிறை குறை இரண்டும் இந்த ஒரு முடிவிலிருந்தே பிறக்கின்றன.

நிறை

முதல் நிறை, அச்சத்தைப் போக்கியமை. வயது முதிர்ந்த பணியாளர் புதுக்கருவியைத் தொடத் தயங்குதற்கு அறிவுக்குறை காரணமன்று. பிறர் காணப் பிழை செய்தற்கு நாணுதலே காரணம். நேற்று வந்த இளையவர் நொடியில் செய்வதைப் பல்லாண்டுப் பணி செய்த ஒருவர் தடுமாறிச் செய்ய நேர்ந்தால், அவர் மனம் எவ்வாறு இருக்கும்? அவரவர் நேரத்தில், அவரவர் விரைவில், வேண்டின் புனைபெயரில் பயிலலாம் என்று கூறியதால் அந்நாணம் நீங்க வழி பிறந்தது.

இரண்டாம் நிறை, எழுத்தைக் கட்டாயமாக்கியமை. பொத்தானை அழுத்திப் பார்த்தல் வேறு. அதனால் என்ன விளைந்தது என்று நான்கு வரி எழுதுதல் வேறு. எழுதப் புகுந்தவுடன் விளங்காத இடம் தானே வெளிப்பட்டு விடும். இதனைக் கட்டுரைப் பாடம் நடத்தும் ஆசிரியர் எவரும் அறிவர். நன்னூலார் பாதி மதிப்பு அளித்த கூற்றை இப்பாடத்திட்டம் இவ்வழியே பற்றிக்கொண்டது.

மூன்றாம் நிறை, விளையாட்டுக்கு இடம் அளித்தமை. விளையாட்டாகக் கற்றல் நூலகத்தின் மாண்புக்குத் தகுமோ என ஐயுறுவார் உளராயின், அவர்கள் சீர்காழியில் 1892-ஆம் ஆண்டு பிறந்த எஸ். ஆர். அரங்கநாதனை நினைத்தல் நலம். கணிதப் பேராசிரியராய் இருந்த அவர் 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகி, நூலகக் கலை பயில இலண்டன் சென்றார். அங்கே கடையொன்றில் மெக்கானோ என்னும் விளையாட்டுக் கருவியைக் கண்டார். சிறு தகடுகளையும் திருகாணிகளையும் மாற்றி மாற்றி இணைத்தால் வெவ்வேறு பொறிகள் உருவாதலை நோக்கினார். நூற்பொருளையும் அவ்வாறே சிறு கூறுகளாகப் பகுத்து, வேண்டியவாறு இணைத்து எண் கொடுக்கலாமே என்னும் எண்ணம் தோன்றியது. 1933-இல் வெளிவந்த கோலன் பகுப்புமுறைக்கு அதுவே வித்து.

குறை

ஆனால், அரங்கநாதனார் அவ்விளையாட்டுக் கருவியிலிருந்து எடுத்துக்கொண்டது அதன் நெறியை. கருவி கடையிலேயே நின்றுவிட்டது. ஷார்லட் பாடத்திட்டத்தின் முதற் குறை இவ்விடத்தில்தான் தோன்றுகின்றது. அது கருவியின் பெயரைப் பாடத்தின் தலைப்பாக்கியது. கருவியின் கீழுள்ள நெறியைப் பணியாளர் தாமே உணர்ந்துகொள்வர் என விட்டுவிட்டது.

காலம் அதற்கு விடை கூறியது. செய்தியோடை படிக்கப் பயன்பட்ட பிளாக்லைன்ஸ், 2010-இல் மூடப்படும் என அறிவிக்கப்பெற்றுக் கை மாறியது. வலைப்பூக்களைத் தேட உதவிய டெக்னோரட்டி 2014-இல் அத்தேடலைக் கைவிட்டது. குறிச்சொல் இடுதற்குப் பெயர்பெற்ற டெலிஷியஸ் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி, 2017-இல் புதிதாக எதனையும் சேர்க்க இயலாத நிலை எய்தியது. ஃபிளிக்கர் 2018-இல் வேறு நிறுவனத்துக்கு விற்கப்பெற்றது. அடுத்த ஆண்டு முதல் கட்டணமின்றி ஏற்றும் படங்களுக்கு ஆயிரம் என எல்லை வகுத்தது.

பிளாக்லைன்ஸை மட்டும் கற்றவர் அது மறைந்தபோது கற்றதை இழந்தார். செய்தியோடை என்பது யாது, அதில் தகவல் எவ்வாறு ஒழுகுகின்றது என்று கற்றவர் எதனையும் இழக்கவில்லை. இன்று பலரும் கேட்கும் போட்காஸ்டுகள் அந்த ஓடை வழியாகவே பெரும்பாலும் வந்து சேர்கின்றன. நிலையானது எது, நில்லாதது எது என்று பிரித்துக் காட்டுதல் ஆசிரியர் தொழில். அவரை விலக்கியபோது அத்தொழிலைச் செய்வாரும் இலராயினர்.

இரண்டாம் குறை, கருவியைப் போற்றிய அளவுக்கு வினவாமை. குறிச்சொல்லை எடுத்துக்கொள்வோம். படிப்பவர் எவரும் தமக்குத் தோன்றிய சொல்லை ஒரு நூலுக்கு அடையாளமாக இடலாம் என்பது இனிய உரிமைதான். ஆயினும் ஒருவர் ‘புதுமைப்பித்தன்’ என்றும், மற்றொருவர் ‘சொ. விருத்தாசலம்’ என்றும், வேறொருவர் ‘சொ.வி.’ என்றும் இட்டால், ஓர் ஆசிரியரின் நூல்கள் மூன்று இடங்களில் சிதறிப் போகும். இத்தகைய பெயர்களை ஒன்றன்கீழ்க் கொணர்ந்து, மற்றவற்றிலிருந்து அதற்கு வழிகாட்டுதல் நூற்பட்டியற் கலையின் பழைய தொண்டு. அத்தொண்டில் கைதேர்ந்த பணியாளர்களிடமே குறிச்சொல்லைக் கற்பித்தபோது, ‘இது எதனைத் தருகின்றது, எதனைக் கெடுக்கின்றது’ என்னும் ஒப்பீட்டை ஒரு தனிச் செயலாகவே வைத்திருக்கலாம். புதியது கற்பவர் பழைய திறனைக் கீழே வைத்துவிட்டு வருதல் வேண்டுவதில்லை.

மூன்றாம் குறை, எடுத்துரைத்தல் பாதி வழியில் நின்றமை. பணியாளர் எழுதிய வலைப்பூக்களை முதன்மையாகப் படித்தோர் சக பணியாளரே. நூலகத்துள் நுழையும் மாணவர்க்கோ முதியவர்க்கோ கற்றதைச் சொல்லித் தருதல் இருபத்து மூன்றில் ஒரு செயலாக இடம்பெறவில்லை. நூல்கள் பயன்பாட்டிற்கே உரியன என்பதை 1931-ஆம் ஆண்டு வெளிவந்த தம் ஐந்து நெறிகளுள் முதலாவதாக வைத்தார் அரங்கநாதனார். கருவிக்கும் அது பொருந்தும். படிப்பவர்க்குப் போய்ச் சேராத கல்வி நூலகருக்கு முழுக்கல்வி ஆகாது.

பரிசுப் பொருளைக் குறைகூறுவோரும் உளர். அது பெருங்குறையன்று. ஒலிக்கருவி பாடத்தோடு தொடர்புடையதே. ஒலித்தொடர் பற்றிக் கற்றவர் அதில் கேட்டுப் பார்க்கலாம். பரிசைவிட நேரமே இன்றியமையாதது. கற்றலைப் பணியின் ஒரு பகுதியாகக் கொண்டு, பணிநேர அட்டவணையிலேயே அதற்கு இடம் ஒதுக்காத நூலகம் எந்தப் பரிசை அளித்தும் பயனில்லை.

மூலமும் உரையும்

இத்துணைக் குறை இருந்தும் இப்பாடத்திட்டம் மறையாமைக்குக் காரணம் யாது? வேண்டுவோர் எடுத்து மாற்றிப் பயன்படுத்தலாம் என்னும் உரிமத்தோடு அதனை வெளியிட்டமையே. ஆஸ்திரேலியாவின் மெல்பர்ன் நகர்ப் பகுதியிலுள்ள யார்ரா பிளென்டி நூலகம் விரைவில் அதனை மேற்கொண்டது. 2010-இல் ஆக்ஸ்போர்டு, கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழக நூலகத்தார் தமக்கேற்ப வகுத்துக்கொண்டனர். 2013-இல் கைப்பேசிச் செயலிகளுக்கென ஒரு வடிவம் எழுந்தது. 2016-இல் ஆஸ்திரேலியாவில் ஆய்வுத் தரவுகளுக்கென மற்றொன்று தோன்றியது. கருவிகள் மாறின, சிறு சிறு செயல், தானே முயலல், எழுதிப் பகிர்தல் என்னும் சட்டகம் மாறவில்லை.

நன்னூலுக்கு மயிலைநாதர் உரை கண்டார். சங்கர நமச்சிவாயர் உரை கண்டார். பின்னர் ஆறுமுக நாவலரும் தம் காலத்து மாணவர்க்கேற்பக் காண்டிகையுரை தந்தார். மூலம் நிற்க, உரை காலந்தோறும் புதிதாதல் நமக்குப் பழகிய வழக்கமே. ஷார்லட் பாடத்திட்டத்தில் மூலம் எனத்தக்கது சட்டகமே. கருவிப் பட்டியல் வெறும் உரை. உரையை மூலமென மயங்கிப் பழைய பட்டியலையே போற்றிய இடங்களில் பாடத்திட்டம் பட்டுப்போயிற்று.

இன்றைய தேவை

இவ்வாராய்ச்சி பழங்கதை பற்றியதன்று. 2022-ஆம் ஆண்டு நவம்பரில் சாட்ஜிபிடி வெளிவந்த பின்னர், வினவினால் விடை எழுதித் தரும் கருவிகள் பெருகிவிட்டன. அவை தரும் நூற்பட்டியலில் எவரும் எழுதாத நூல்கள் கலந்து வருதல் உண்டு. ஆசிரியர் பெயர் மெய்யாக இருக்கும். நூற்பெயர் புனைவாக இருக்கும். இணையத்தைத் தேடி எழுதும் வசதி இணைந்திருந்தாலும் பிழை அறவே நீங்கிவிடுவதில்லை.

அத்தகைய பட்டியலோடு ஒரு மாணவர் நூலக மேசைக்கு வருகின்றார் எனக் கொள்வோம். கருவியை அறியாத பணியாளர் தம் நூற்பட்டியலில் தேடிப் பார்த்து, “அந்நூல் இங்கு இல்லை” என்பார். அவர் கூறியது உண்மை. எனினும் மாணவர், அந்நூல் வேறெங்கோ உளது என நம்பி, அதன் பெயரைத் தம் கட்டுரையில் எழுதிவிடுவார். கருவியைக் கையாண்டு அதன் இயல்பை அறிந்த பணியாளரோ, பல நாட்டு நூலகங்களின் இருப்பைக் காட்டும் வேர்ல்ட்கேட் போன்ற பட்டியலிலும் மாணவரோடு அமர்ந்து தேடிப் பார்ப்பார். “இந்நூல் எங்கும் இருப்பதாகத் தெரியவில்லை, இப்பெயரைத் தந்தது யார்?” என்று கேட்பார். ‘இங்கு இல்லை’ என்பதற்கும் ‘எங்கும் இல்லை’ என்பதற்கும் இடையே உள்ள தொலைவு சிறிதன்று. அத்தொலைவைக் கடத்தற்கு வேண்டிய கல்வியே இன்று நூலகப் பணியாளர்க்கு உரிய கல்வி.

எனவே, இன்று புதிதாகப் பட்டியல் வகுப்போர் ஷார்லட் தந்த சட்டகத்தை ஏற்று, ஒவ்வொரு செயலின் முடிவிலும் நான்கு வினாக்களைச் சேர்த்தல் வேண்டும். இக்கருவி எந்த நெறியால் இயங்குகின்றது? இதன் உரிமையாளர் யார்? நாளை இது மூடப்பெற்றால் நாம் இதில் இட்டவற்றை எடுத்துக்கொள்ள இயலுமா? இதன் பயனையும் எல்லையையும் படிக்க வருவோர்க்கு எவ்வாறு சொல்லுவேன்? முதல் மூன்றும் ஆசிரியர் இல்லாத குறையை ஓரளவு நிரப்பும். நான்காவது வினா நன்னூலார் கூறிய பாதியை முழுமையாக்கும்.

பணியாளர் தம் முயற்சியால் கற்பர் என்று நம்பியது ஷார்லட் பாடத்திட்டத்தின் பெருமை. அந்நம்பிக்கையை நாமும் கொள்ளுதல் தகும். ஆயின், நம்பிவிட்டுத் தனியே விடுதல் கூடாது. நெறியை விளக்குவார் ஒருவரும், உடன் கற்பார் சிலரும், எடுத்துரைத்தற்குப் படிப்போரும் அமைந்தால், இருபத்து மூன்று என்ன, மூன்றே செயல்கள் கற்றாலும் அக்கல்வி பயன் தரும்.