ஐம்பொறியும் அறிவும்: ஜான் லாக் கொள்கை ஆராய்ச்சி

மக்கட்கு அறிவு யாங்ஙனம் தோன்றுகின்றது என்னும் வினாவிற்கு விடையாக, ஆங்கில நாட்டறிஞர் ஜான் லாக் என்பார் 1690-இல் மானிட அறிவைப் பற்றிய பெருநூலொன்றை வெளியிட்டனர். பிறவியில் உடன்வருங் கருத்து யாதுமில்லை. உள்ளம் எழுதப்படாத வெள்ளைத்தாள் போல்வது. அதன்கண் எழுதுவது அனுபவமே என்பது அவர் துணிபு.

இதுபற்றி அவரை உலகாயதரோடு ஒருங்குவைத்து இகழ்தல் பொருந்தாது. பொறியுணர்வேயன்றி, உள்ளம் தன் தொழில்களைத் தானே நோக்கியறிதலையும் அவர் மற்றொரு வாயிலாகக் கொண்டார். சிவஞானசித்தியார் வகுத்த காட்சி நான்கனுள் மானதக்காட்சியோடு அஃது ஒருபுடை ஒக்கும். மேலும், கருவிகளைக் கூடாதவழி ஆன்மா ஒன்றையும் அறியமாட்டாது என்பது நம் நூற்கும் உடன்பாடே. ஆணவத்தான் மறைப்புண்ட உயிர் அந்தக்கரணங்களோடு கூடியே அறிதலைச் சிவஞானபோத நான்காஞ் சூத்திரம் அமைச்சரைக் கூடிய அரசன்மேல் வைத்து விளக்கும்.

ஆயின் வேறுபாடு யாண்டையதெனின், அவர் கூறிய உவமையின்கண்ணது. தாள் எழுத்தைத் தாங்குமேயன்றிப் படிக்கமாட்டாது. ஒப்பிடல், கூட்டல், பிரித்தல் முதலிய ஆற்றல்களை உள்ளத்திற்கு அவரே பின்னர் உடன்படுதலின், அவ்வுவமை அவர் கொள்கைக்கே போதாதாயிற்று.

இக்குறை அவர் நூலுள் வந்ததொரு வினாவான் இனிது விளங்கும். உருண்டையையுங் கனசதுரத்தையுந் தொட்டறிந்த பிறவிக்குருடன் பார்வை பெற்றவுடன், தொடாமலே இஃதின்னதெனக் கூறவல்லனோ என அயர்லாந்து அறிஞர் மாலினியூ வினாவினர். அதனை 1694-ஆம் ஆண்டுப் பதிப்பிற் சேர்த்த லாக், கூறவல்லனல்லன் என்றே விடுத்தார். 2011-இல் வெளிவந்த ஆராய்ச்சியொன்றும் இதனை வலியுறுத்தும். இந்திய நாட்டில் சிகிச்சையாற் பார்வை பெற்ற சிறார் ஐவர், கண்டதைக் கண்டதனோடும் தொட்டதைத் தொட்டதனோடும் நன்கு பொருத்தினர். தொட்டதைக் கண்டதனோடு பொருத்த முதற்கண் மாட்டாராயினர். மீளச் சோதிக்கப்பட்டோர் சின்னாளில் அவ்வாற்றலிற் பெரிதும் தேறினர்.

இச்சோதனையே ஆன்மாவை நாட்டிவிட்டதென ஆரவாரித்தல் மிகை. மூளையின் பழக்கமே அவ்விரண்டனையும் இணைத்ததென்பார்க்கு அஃது இடந்தரும். எனினும் மூளையும் கருவியே. இணைக்குங் கருவியைக் காட்டுதல் இணைப்பை அறிவானைக் காட்டுதலாகாது. ஒரு பொறி மற்றொன்றன் புலனை அறியாதென்பது ஈண்டு ஒருதலை. கண்டது தொட்டதே என்னுந் துணிவு கண்ணின் அறிவுமன்று, கையின் அறிவுமன்று. கண்டவனும் தொட்டவனும் ஒருவனே ஆகியவழியன்றி அத்துணிவு நிகழாது. அவ்வொருவனையே சித்தாந்திகள் ஆன்மா என்ப.

இம்மட்டில் நின்று செருக்குதலும் பிழை. ஆன்மாவான் அறியும் பொறிகள் ஆன்மாவை அறியாதவாறுபோல, முதல்வன் அறிவிக்க அறியும் ஆன்மாவும் அவனை அறியாது நிற்றலை ஐந்தாஞ் சூத்திரம் உணர்த்தும். பொறியளவில் அமைந்தாரும், தம்மறிவளவில் அமைந்தாரும் தமக்குக் காட்டுவானை மறந்தாரேயாவர்.