செவியும் ஏடும்: அயர்லாந்து, அப்பலாச்சிய நாட்டார் இசையும் ஆடலும் பயிலப்படும் முறை பற்றி ஒரு நோக்கு

நாட்டார் கலைகளைப் பற்றி எழுதுவோர் பெரும்பாலும் அவற்றின் தோற்றம், தொன்மை, பரம்பல் ஆகியன குறித்தே எழுதுவர். அக்கலைகள் ஒருவரிடமிருந்து இன்னொருவருக்கு எவ்வாறு கையளிக்கப்படுகின்றன என்ற வினா இரண்டாம் பட்சமாகவே நின்றுவிடுகிறது. உண்மையில் முதலிலே எழுப்பப்பட வேண்டிய வினா அதுவேயாகும். ஒரு மெட்டையோ ஓர் ஆடலையோ கற்பிக்க முற்படுபவர், அதிலே எது சாரம், எது புறம்பு, எது தூயது, எது கலப்பு, யார் உரியவர், யார் அந்நியர் என்பவற்றையெல்லாம் தம் மனத்தளவிலேனும் தீர்மானித்த பின்னரே கற்பிக்கத் தொடங்குகிறார். அவ்வகையில் கற்பித்தல் தன்னளவிலேயே ஒரு விமரிசனச் செயலாகும். அயர்லாந்தும், ஐக்கிய அமெரிக்காவின் தென்கிழக்கிலுள்ள அப்பலாச்சிய மலைப்பகுதியும் இதனை ஆராய்வதற்கு மிக வாய்ப்பான களங்கள். இரண்டிலும் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நாட்டார் இசையும் ஆடலும் வீட்டு முற்றத்திலிருந்து பள்ளிக்கூடத்துக்கு நகர்ந்து வந்துள்ளன.

இவ்விரு பகுதிகளையும் இணைத்துப் பேசுவது வழக்கம். பதினெட்டாம் நூற்றாண்டிலே அயர்லாந்தின் வடபகுதியான அல்ஸ்ரரிலிருந்து பெருந்தொகையானோர் கடல் கடந்து சென்று இம்மலைகளிலே குடியேறினர் என்பது வரலாறு. பிடிலும் சில மெட்டுகளும் அவர்களுடன் சென்றன என்பதும் உண்மையே. ஆயின் இவ்வுண்மையை இழுத்து நீட்டி, அப்பலாச்சிய இசை முழுவதும் 'கெல்ரிய' இசையின் எச்சமே என்று கூறுவது ஆய்வன்று, விருப்பத்தின் வெளிப்பாடு. அந்த விருப்பம் யாருக்குப் பயன்பட்டது என்பதைப் பின்னர் காண்போம்.

1792 இல் பெல்பாஸ்ட் நகரிலே யாழிசைக் கலைஞர்களின் கூட்டமொன்று நடைபெற்றது. அழிந்து கொண்டிருந்த ஐரிஷ் யாழ் மரபைப் பதிவு செய்வதற்காக எட்வர்ட் பன்ரிங் என்ற பத்தொன்பது வயது இளைஞர் அமர்த்தப்பட்டார். ஒரு சுரத்தையேனும் தாமாகச் சேர்க்கலாகாது என்பது அவருக்கிடப்பட்ட கட்டளை. வந்தோரில் முதியவரான டெனிஸ் ஹெம்சன் உலோக நரம்புகளை விரல் நகங்களால் மீட்டும் பழைய முறையைக் கைக்கொண்டவர். பன்ரிங் கேட்டது அதனை. 1796 முதல் அவர் வெளியிட்ட தொகுதிகளிலே இருப்பதோ பியானோவுக்கென இசைவிக்கப்பட்ட வடிவம். பியானோ இருந்த வீட்டாரே நூலை வாங்கக்கூடியவர்களாதலின் மெட்டு அவர்களின் கருவிக்கேற்ப உருமாறிற்று. பன்ரிங்கைக் குறை கூறுவது எளிது. ஆனால் அவர் இல்லையேல் அம்மெட்டுகளிற் பல நமக்குப் பெயரளவிலும் எஞ்சியிரா. ஏட்டினால் வரும் காப்பும் ஏட்டினால் வரும் திரிபும் ஒரே கையின் வேலை என்பதற்கு இதனினும் தெளிவான சான்று அரிது.

நூறாண்டுகளின் பின்னர் சிக்காகோ நகரப் பொலிஸ் தலைமை அதிகாரியாக 1901 முதல் 1905 வரை கடமையாற்றிய பிரான்சிஸ் ஓநீல் இப்பணியைப் புதிய நிலைக்குக் கொண்டு சென்றார். கோர்க் மாவட்டத்திலே பிறந்து புலம்பெயர்ந்த அவர், 1903 இல் 1850 மெட்டுகளும் 1907 இல் 1001 ஆடல் மெட்டுகளும் கொண்ட இரு தொகுதிகளை வெளியிட்டார். சுவையான செய்தி யாதெனில், ஓநீல் சுரக்குறிப்பு எழுதும் ஆற்றல் உடையவரல்லர். அவர் குழலிலே வாசிக்க, அல்லது ஏனையோர் வாசிக்கக் கேட்டு, ஜேம்ஸ் ஓநீல் என்ற வேறொருவர் எழுதினார். செவியால் மட்டுமே கற்ற ஒருவர் தந்த நூலே பின்வந்த தலைமுறைகளுக்கு 'அந்த நூல்' என்று சுட்டினாலே விளங்கும் அளவுக்கு வேதநூலாயிற்று.

அந்நூலை வைத்துக்கொண்டு ஒரு றீலை வாசிக்கும் மாணவன் பெறுவது என்ன? எட்டெட்டு அளவுகள் கொண்ட இரு பகுதிகளின் எலும்புக்கூட்டைப் பெறுகிறான். வில் எவ்விடத்தில் திரும்புகிறது, நீண்ட சுரமொன்றைச் சுற்றி விரல்கள் தரும் அசைவுகள் யாவை, இரண்டாம் முறை வாசிக்கையில் எது மாறுகிறது, ஆடுவோரின் காலைத் தரையிலிருந்து தூக்கும் அந்த மெல்லிய உந்துதல் எதிலிருந்து பிறக்கிறது என்பவை அங்கில்லை. செவிவழிக் கல்வியிலே மாணவன் மெட்டை மட்டும் கற்பதில்லை. மெட்டை மாற்றும் விதிகளையும் அதனுடன் சேர்த்தே கற்கிறான். ஒரே மெட்டை ஒரே ஆசான் மூன்று முறை மூன்று விதமாக வாசிப்பதைக் கேட்டவனுக்கு, எது அசையலாம், எது அசையலாகாது என்பது சொல்லாமலே விளங்கிவிடும். ஏடு தருவது அம்மூன்றில் ஒன்றை மட்டுமே.

இவ்விடத்திலே ஒலிப்பதிவு ஏட்டின் குறையைத் தீர்த்துவிடும் என்று எண்ணத் தோன்றும். வரலாறு அவ்வளவு எளிமையாக அமையவில்லை. ஸ்லைகோ மாவட்டத்தவரான மைக்கல் கோல்மன் 1920களிலும் 1930களிலும் நியூயோர்க்கில் வாசித்துப் பதிந்த இசைத்தட்டுகள் அயர்லாந்துக்குத் திரும்பி வந்தன. அவை ஒப்பற்ற வாசிப்புகள் என்பதிலே கருத்து வேறுபாட்டுக்கு இடமில்லை. ஆனால் ஊர்தோறும் வேறுபட்டிருந்த பிடில் நடைகள் அவற்றின் முன் நாணி ஒடுங்கின. 'ரார்போல்ரன்' என்ற றீலில் தொடங்கி அவர் ஒரு தட்டின் மூன்று நிமிடங்களுக்குள் அடுக்கிய மெட்டுகள் இன்றும் அதே வரிசையிலேயே வாசிக்கப்படுகின்றன. தட்டின் நீளத்தால் விளைந்த ஒரு தற்செயல் மரபாகிவிட்டது.

ஆடலுக்கு வருவோம். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதி தொடக்கம் ஊரூராகச் செல்லும் ஆடலாசிரியர்கள் அயர்லாந்திலே இருந்தனர். ஓர் ஊரிலே சில வாரங்கள் தங்கிக் கற்பித்துவிட்டு அடுத்த ஊருக்குச் செல்வர். இடம் வலம் மயங்கும் மாணவனுக்கு ஒரு காலிலே புல்லையும் மறுகாலிலே வைக்கோலையும் கட்டிவிட்டு, புற்கால் வைக்கோற்கால் என்று சொல்லிப் பழக்கினர் என்பர். கற்பித்தலியல் நூல்கள் எதனிலும் காணப்படாத நுண்ணறிவு இது. பிரான்சிலிருந்து பிரித்தானியப் படையினரூடாக வந்ததாகக் கருதப்படும் குவாட்ரில் ஆடலை இவ்வாசிரியர்களும் ஊர் மக்களும் உள்வாங்கி, உள்ளூர் அடிவைப்புகளையும் றீல், ஜிக் மெட்டுகளையும் இட்டு நிரப்பி 'செற்' எனப்படும் நான்கு இணைகளின் ஆடலாக மாற்றினர்.

1893 இல் தோன்றிய கெயிலிக் கழகத்துக்கு இது ஒவ்வாததாயிற்று. செற் ஆடல் அந்நியமானது எனக் கழகத்தினர் ஒதுக்கினர். அவர்கள் மாற்றாக முன்வைத்த 'கேலி' ஆடற்கூடல் 1897 இல் முதன்முதலாக நடத்தப்பட்டது லண்டன் மாநகரிலே, அங்கு வாழ்ந்த ஸ்கொட்லாந்தியரின் கூடல்களை முன்மாதிரியாகக் கொண்டு என்பது வரலாற்றின் நகை. 1930 இல் ஐரிஷ் ஆடல் ஆணைக்குழு நிறுவப்பட்டது. ஆசிரியர்களுக்குத் தேர்வு, போட்டிகளுக்கு விதி, ஏற்கப்பட்ட ஆடல்களுக்கு நூல் என அனைத்தும் வரையறை செய்யப்பட்டன. 1935 இன் பொது ஆடல் மண்டபச் சட்டம் அனுமதிப்பத்திரமின்றி ஆடல் நடத்துவதைத் தடை செய்ய, மதகுருமாரும் பொலிசாரும் அதனை வீட்டு ஆடல்கள் மீதும் பிரயோகித்தனர். சட்டத்தால் வீட்டு முற்றம் மூடப்பட, தேசியத்தால் செற் ஆடல் விலக்கப்பட, எஞ்சியது போட்டி மேடை. கைகளை விலாவோடு ஒட்டி நிறுத்தி முழங்காலுக்குக் கீழேயே கலையனைத்தையும் காட்டும் அந்நடை அங்கேதான் வளர்ந்தது. 1994 ஏப்ரல் 30 ஆம் நாள் டப்ளினிலே யூரோவிஷன் போட்டியின் இடைவேளையில் ஆடப்பட்ட 'ரிவர்டான்ஸ்' அதன் மகத்தான விளைச்சல். அதே வேளையில் அதன் எல்லையும் ஆகும். அயல்வீட்டாருடன் சேர்ந்து ஆடமுடியாத அளவுக்கு அது அருங்கலையாகிவிட்டது. 1980களில் செற் ஆடல் மீண்டும் நாடெங்கும் பயிலப்பட்டமைக்கு, ஆணைக்குழுவின் வரம்புக்கு வெளியே சில கிராமங்கள் அதனைக் கைவிடாதிருந்தமையே காரணம்.

அப்பலாச்சியாவிலே தூய்மைக் கோட்பாடு இதனினும் கொடிய விளைவுகளைத் தந்தது. ஆங்கிலத் தொகுப்பாளர் செசில் ஷார்ப், மோட் கார்ப்பெலிஸின் துணையுடன் 1916 முதல் 1918 வரை இம்மலைகளிலே களப்பணி செய்தார். 1932 இல் கார்ப்பெலிஸ் பதிப்பித்த இரு தொகுதிகளிலே 274 பாடல்களுக்கு 968 மெட்டுகள் இடம்பெற்றன. ஒரு பாடலுக்குப் பல மெட்டுகளைத் தந்தமை வாய்மொழி மரபின் இயல்பை அவர் நன்குணர்ந்தவர் என்பதைக் காட்டும். அதே ஷார்ப், பிடில், பாஞ்சோ வாத்திய இசையையும் சமயப் பாடல்களையும் பெரிதும் புறக்கணித்தார். கறுப்பின மக்களிடம், ஓரிருவரைத் தவிர, பாடல் கேட்கவேயில்லை. தம் நாட்குறிப்பிலே அவர்களை இழிசொற்களால் குறித்தார். அவர் தேடியது இங்கிலாந்து இழந்த தன் குழந்தைப் பருவத்தை. தேடியதே கிடைத்தது.

1917 இல் கென்ரக்கி மாநிலத்தின் பைன் மவுண்டன் குடியேற்றப் பள்ளியிலே ஷார்ப் ஓர் ஆடலைக் கண்டார். அது 1651 இல் பிளேபோர்ட் வெளியிட்ட ஆங்கில ஆடல் நூலுக்கும் முந்திய வடிவம் என முடிவு செய்து வெளியிட்டார். பள்ளியின் ஆசிரியைகளுக்கு இது பெருமகிழ்ச்சி தந்தது. மலைச் சிறார் உயர்ந்த ஆங்கில மரபின் வாரிசுகள் என்றால், அவர்களுக்கு ஆங்கில நாட்டார் ஆடல்களையே கற்பிக்கலாமன்றோ! அவ்வாறே கற்பிக்கப்பட்டது. 1925 இல் வட கரோலினாவின் பிராஸ்ரவுணில் நிறுவப்பட்ட ஜோன் சி. கம்பெல் நாட்டார் பள்ளி டென்மார்க்கின் முன்மாதிரியைப் பின்பற்றியதால் அங்கு டேனிஷ் ஆடல்களும் புகுந்தன. நல்லெண்ணம் படைத்த வெளியார், ஊராருக்கு ஊராரின் பண்பாட்டைத் திருத்திக் கையளித்த இவ்விசித்திரத்தை டேவிட் விஸ்னன்ற் 1983 இல் வெளியிட்ட ஆய்வு விரிவாக வெளிக்கொணர்ந்தது. 1930களில் வேர்ஜீனியாவிலே நடைபெற்ற வைற்றொப் விழாவின் முன்னோடிகளுள் ஒருவரான இசையமைப்பாளர் ஜோன் பவல், ஆங்கிலோ-சக்சன் இனத் தூய்மைக்கான இயக்கத்தையும் நடத்தியவர். அவ்விழா மேடையிலே கறுப்பினக் கலைஞருக்கு இடமிருக்கவில்லை. தூய நாட்டார் இசை என்ற சொற்றொடரை அழகியற் கூற்றாக மட்டுமே வாசிப்போர் இவ்விழாவை நினைவிற் கொள்வது நலம்.

ஏனெனில் பாஞ்சோ ஆபிரிக்க அடிமைகளுடன் வந்த கருவிகளிலிருந்து தோன்றியது. பிடில் வில்லின் தாள அசைவிலே அவர்களின் பங்கு பெரிது. பில் ஜேமிசன் 2015 இல் வெளியிட்ட நூல், ஆடல் அசைவுகளை உரத்து அறிவிக்கும் வழக்கமே கறுப்பினப் பிடில் வாசிப்போரிடம் தோன்றியது என வாதிடுகிறது. ஷார்ப் கண்ட ஆடல் பல இனத்தாரின் கலப்பு என்பதையும் அது நிறுவுகிறது. கற்பிக்கும் முறை திருந்துவதற்கு முன் வரலாறு திருந்த வேண்டியிருந்தது.

1960களின் பின்னர் நிலைமை ஓரளவு மாறிற்று. கல்லூரி கற்ற இளைஞர் நூலை விடுத்து முதியவரைத் தேடிச் சென்றனர். அலன் ஜபூர், வேர்ஜீனியாவின் ஹென்றி றீட் என்ற முதியவரிடம் கேட்ட மெட்டுகளை ஒலிப்பதிவு செய்து தாமும் வாசித்துப் பரப்பினார். வட கரோலினாவிலே வீதித் திணைக்களத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ரொமி ஜரல் என்ற பிடில் கலைஞரின் வீட்டுக்கதவு 1985 இல் அவர் மறையும் வரை வருவோருக்குத் திறந்தே இருந்தது. மாணவர் அங்கு தங்கினர், உண்டனர், கதை கேட்டனர், வாசித்தனர். இதுவே உயர்ந்த கல்விமுறை எனலாம். எனினும் கோல்மனுக்கு நேர்ந்தது ஜரலுக்கும் நேர்ந்தது. அவரின் ஊராகிய றவுண்ட் பீக் பகுதியின் நடை, அதனைக் கண்டிராத நகரங்களிலும் அப்பலாச்சிய இசையின் பொது நடையாயிற்று. அருமையான ஆசானைக் கண்ட மாணவர், அடுத்த பள்ளத்தாக்கின் சாதாரண வாசிப்பாளரைத் தேடிச் செல்வதில்லை.

கோடைகாலப் பள்ளிகள் இச்சிக்கலுக்கு விடை காண முயன்றன. 1973 இல் குழலிசைக் கலைஞர் வில்லி கிளான்சி மறைந்த ஆண்டிலேயே கிளெயர் மாவட்டத்தின் மில்ரவுண் மல்பே என்ற சிற்றூரிலே அவர் பெயரால் ஒரு பள்ளி தொடங்கிற்று. அதே ஆண்டில் மேற்கு வேர்ஜீனியாவின் எல்கின்ஸ் நகரிலும் ஒகஸ்ரா என்ற பயிற்சி நிலையம் தோன்றியது. இவற்றுள் முன்னையதே கூடுதற் சிறப்புடையது. காரணம், அங்கு போட்டியில்லை. காலையில் வகுப்பு, பகலிலும் இரவிலும் ஊரெங்கும் வாசிப்பும் செற் ஆடலும். வகுப்பிலே கற்றதை வகுப்புக்கு வெளியே அன்றே சோதித்துப் பார்க்கலாம். லிமரிக் பல்கலைக்கழகம் 1994 இல் தொடங்கிய இசை நிறுவனம் போன்றவை பட்டங்களை வழங்குகின்றன. பட்டத்துக்குத் தேர்வு வேண்டும்; தேர்வுக்கு அளவுகோல் வேண்டும்; அளவுகோலுக்கு ஒரு நடை தேவைப்படும். ஆணைக்குழுவின் வரலாற்றை அறிந்தவருக்கு இதன் அபாயம் விளங்கும்.

2005 இல் வட கரோலினாவின் பூண் நகரிலே கறுப்பினப் பாஞ்சோக் கலைஞரின் ஒன்றுகூடல் நடைபெற்றது. அங்கு சந்தித்த இளைஞர் சிலர் அதே மாநிலத்தின் மெபன் ஊரிலிருந்த ஜோ தொம்சன் என்ற கறுப்பினப் பிடில் கலைஞரிடம் வாரந்தோறும் சென்று கற்றனர். 1918 இல் பிறந்த அவர் விளக்கம் கூறிக் கற்பிப்பவரல்லர். வாசிப்பார், வந்தவர்கள் சேர்ந்து வாசிக்க வேண்டும். 'கரோலினா சொக்லேற் ட்ரொப்ஸ்' என்ற பெயரிலே அவ்விளைஞர் 2010 இல் வெளியிட்ட தொகுப்பு மறு ஆண்டு கிராமி விருது பெற்றது. ஷார்ப்பின் ஏட்டிலே இடம்பெறாத மரபு இவ்வாறு ஒரு முதியவரின் அறையிலிருந்து உலக மேடைக்கு வந்தது. தொம்சன் குடும்பத்தினர் தலைமுறைகளாக வாசித்ததோ, சோளம் உரிக்கும் காலத்தில் அயலவர் கூடி வேலை முடித்த பின் அவ்வீட்டிலேயே இடம்பெறும் ஆடலுக்காக. அந்த மெட்டுகளின் வேகமும் ஓயாத மீள்வருகையும் சுற்றிவந்து ஆடுவோரின் காலடிகளால் அமைந்தவை. தொம்சன் 2012 இல் மறைந்தார். அவரின் வில்லசைவை அறிந்தோர் இன்று பலர். அவர் இளமையில் யாருக்காக வாசித்தாரோ அவர்களின் ஆடலைக் கற்க வந்தவர் மிகச் சிலரே.