‘சவுத் பார்க்’கில் நிறவாதமும் அங்கதமும் – ஒரு நோக்கு

அதிர்ச்சி, அங்கதத்துக்குப் புதிதன்று. ஆயின் அதிர்ச்சி தருவதனாலேயே ஒரு படைப்பு அங்கதமாகிவிடாது. நகைப்புக்கு ஆளாவோர் யார் என்பதே அதன் தராதரத்தை நிர்ணயிக்கின்றது. ட்ரே பார்க்கர், மற் ஸ்ரோன் என்னும் வெள்ளையர் இருவர் 1997இல் அமெரிக்கத் தொலைக்காட்சியில் தொடங்கிய ‘சவுத் பார்க்’ என்னும் கேலிச்சித்திரத் தொடரை இவ்வளவுகோல் கொண்டே நோக்குதல் வேண்டும். 2007 மார்ச்சில் ஒளிபரப்பாகிய, ஜெஸி ஜக்சனிடம் மன்னிப்புக் கோரும் தலைப்பைக் கொண்ட அத்தியாயம் இதற்குத் தக்க சான்று.

தொலைக்காட்சிச் சொற்போட்டி ஒன்றில் ரண்டி என்னும் வெள்ளையருக்கு ஓரெழுத்து விடுபட்ட சொல் காட்டப்படுகின்றது. ‘எரிச்சலூட்டுவோர்’ என்பது குறிப்பு. நச்சரிப்போரைச் சுட்டும் ஆங்கிலச் சொல்லே சரியான விடை. அவரோ தயங்கித் தயங்கி, பரிசின்மீது கொண்ட ஆசையினால், கறுப்பினத்தவரை இழிவுபடுத்தும் வசைச்சொல்லை நேரடி ஒளிபரப்பில் உரத்துக் கூறிவிடுகின்றார். அத்தியாயத்தில் அச்சொல் 40 தடவைகளுக்கு மேல் மறைப்பின்றி ஒலிக்கின்றது. கேட்போர் திடுக்கிடுவது சொல்லைக் கேட்டு. ஆனால் அதனினும் கொடியது, அக்குறிப்புக்கு அச்சொல்லே பொருந்துமென ரண்டியின் மனம் துணிந்தமை. பின்னர் ஜக்சனிடம் அவர் கேட்கும் கேலிக்கூத்தான மன்னிப்பு இத்துணிவைத் தீண்டுவதேயில்லை.

அடுத்து வருவது இன்னும் கூர்மையானது. அச்சொல்லைச் சொன்ன ஆள் என ரண்டியை ஊரார் பழிக்கத் தொடங்க, அப்பழிமொழிக்கு எதிராகச் சட்டமே இயற்றப்படுகின்றது. ஓரினம் நூற்றாண்டுகளாகச் சுமந்த இழிவுக்குக் கிட்டாத விரைவு, ஒரு வெள்ளையரின் சில நாள் அவமானத்துக்குக் கிட்டிவிடுகின்றது!

ரண்டியின் மகன் ஸ்ரான், தன் கறுப்பினத் தோழன் ரோக்கனிடம், “எனக்குப் புரிகிறது” எனப் பலமுறை கூறிப் பார்க்கின்றான். (பெயரளவுக்குச் சேர்க்கப்பட்டவன் என்ற பொருளே அத்தோழனின் பெயரில் அன்று ஒலித்தது.) ரோக்கன் ஏற்கவில்லை. தனக்கு ஒருபோதும் புரியாது என்பதை ஸ்ரான் ஒப்புக்கொண்ட பின்னரே அவன் முகம் மலர்கின்றது.

கிளைக்கதை இத்தரத்தை எட்டவில்லை. சொற்களின் வலிமை பற்றி உரையாற்ற வரும் குள்ளமான விரிவுரையாளரைக் கண்டு கார்ட்மன் என்னும் சிறுவன் அடக்கமாட்டாமற் சிரிக்கின்றான். பார்வையாளரும் அவனோடு சேர்ந்தே சிரிக்கின்றனர். அங்கதம் இங்கே வெறும் எள்ளலாகச் சுருங்கிவிடுகின்றது.

மையக்கதைக்கும் ஓர் எல்லையுண்டு. கறுப்பினத்தவரான ஆரன் மக்குறூடர் உருவாக்கி 2005இல் ஒளிபரப்பாகத் தொடங்கிய ‘த பூண்டொக்ஸ்’ தொடரிலும் அதே வசைச்சொல் தாராளமாக வருகின்றது. ஆனால் அங்கே கறுப்பினப் பாத்திரங்கள் தமக்குள்ளேயே வாதிடுகின்றன. தன் இனத்தையே வெறுக்கும் கறுப்பின முதியவரான அங்கிள் ரக்கஸ் கூட அவ்வாதத்தின் ஒரு தரப்பாகின்றார். ரோக்கனுக்கோ ஸ்ரானின் அறியாமையைத் திருத்தும் வேலையே தரப்பட்டுள்ளது.