சான்றிதழும் ஏர்த் கம்பியும்

1990இல் யாழ்ப்பாணக் குடாநாட்டுக்கு மின்சாரம் நின்றபோது, வயறிங் பழக வேண்டிய வயதில் இருந்தவர்கள் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்டார்கள். மண்ணெண்ணெயில் தண்ணீர்ப் பம்புகளை ஓடவைத்தார்கள். மூத்தவர் ஒருவரின் கையைப் பார்த்தே தொழில் பிடித்த தலைமுறை அது. மின்சாரம் திரும்பி வந்தபின் எத்தனையோ வீடுகளில் மெயின் போர்ட் பூட்டியவர்கள் அவர்கள்தான்.

அவர்களுக்கு என்.வி.கியூ எனும் தேசிய தொழிற்றகைமை முறை செய்த நன்மை பெரியது. ஏழு மட்டங்கள் கொண்ட இம்முறையில், வகுப்பில் இருக்காதவரும் தம் அனுபவத்துக்குச் சான்று காட்டி, மதிப்பீட்டாளர் முன் வேலை செய்து, மூன்றாம் அல்லது நான்காம் மட்டச் சான்றிதழ் பெறலாம். கட்டாருக்குப் போக நினைக்கும் இளைஞனுக்கு அது வெறும் காகிதமன்று.

ஆனால் லைட் எரிவதும் கம்பி நேராக ஓடுவதும் மதிப்பீட்டாளரின் கண்ணுக்குத் தெரியும்; ஏர்த் தெரியாது. குடாநாட்டில் மண் ஆழமில்லை, கீழே சுண்ணாம்புக் கல். கோடையில் மேல்மண்ணும் காய்ந்துவிடும். அங்கே இறக்கிய ஏர்த் கம்பியின் தடை 100 ஓம் என்று வைத்துக்கொள்வோம். தண்ணீர்ப் பம்பின் உடலில் மின்கம்பி பட்டால், 230 வோல்ற்றில் ஒழுகும் மின்னோட்டம் 2.3 அம்பியர்தான், 15 அம்பியர் பிரேக்கர் அசையாது, பம்பின் உடல் உயிரோடு நிற்கும். அங்கே காப்பாற்றுவது 30 மில்லிஅம்பியரில் விழும் ட்ரிப் சுவிட்ச். அதன் சோதனைப் பொத்தானை அமத்திப் பார்த்துவிட்டு "எல்லாம் சரி" என்று போகிறவர்கள் பலர். ஏர்த் கம்பியே இல்லாத வீட்டிலும் அந்தப் பொத்தான் வேலை செய்யும். மீற்றர் வைத்து அளந்தால்தான் ஏர்த்தின் நிலை தெரியும். வேலைத்தளங்களில் அந்த மீற்றரைக் காண்பது அரிது, வீட்டுக்காரரும் கேட்பதில்லை.

சான்றிதழ் ஒருமுறை பெற்றால் போதும் என்பது இன்னொரு குறை. 2016இன் 'சூரிய பல சங்கிராமய' திட்டத்துக்குப் பின் கூரைகளில் சோலர் பெருகியது. ஏ.சி. மின்னோட்டம் வினாடிக்கு 100 தடவை பூச்சியத்தைத் தொடுவதால் தீப்பொறி அணைய இடமுண்டு. சோலரின் டி.சி.க்கு அது இல்லை. தளர்ந்த ஒரு இணைப்பு எரிந்துகொண்டே இருக்கும். பழைய சான்றிதழ் இதைச் சோதித்ததல்ல.

ஐந்தாண்டுக்கு ஒருமுறை மறுமதிப்பீடு வேண்டும். அதில் ஒரு பகுதி உண்மையான நிலத்தில் ஏர்த் தடை அளப்பதாக இருக்கட்டும். யாழ்ப்பாணத் தொழில்நுட்பக் கல்லூரியிலோ கிளிநொச்சி அறிவியல் நகரின் இலங்கை-ஜேர்மன் பயிற்சி நிறுவனத்திலோ, நாட்கூலி கெடாதபடி ஞாயிற்றுக்கிழமைகளில் அதை நடத்தலாம்.