ஆட்சி மண்டபமும் கலைக்கூடமும்

ஆண்டோர் நீங்கியபின் அவர் எழுப்பிய மாளிகைகளை யாது செய்வது என்னும் வினா, குடியேற்ற ஆட்சியினின்றும் விடுபட்ட நாடுகள் பலவற்றிற்கும் பொதுவானது. இடித்தகற்றுதல் ஒரு வழி. புதிய ஆட்சியினர் அவற்றிலேயே அமர்தல் மற்றொரு வழி. சிங்கப்பூர் இரண்டாம் வழியிற் சென்று, பின்னர் மூன்றாவதொன்றையும் மேற்கொண்டது. அதன் பழைய நகர மண்டபம் 2015ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் தேசியக் கலைக்கூடமாகத் திறக்கப்பட்டது. இம்மாற்றத்தின் நிறையும் குறையும் ஆராயத்தக்கன.

1926க்கும் 1929க்கும் இடையில் நகரசபைக்கென எழுந்த கட்டிடம் இது. படாங் என்னும் பரந்த திடலை நோக்கி அணிவகுத்து நிற்கும் கொரிந்தியத் தூண்களும் அகன்ற படிக்கட்டும், ஆள்வோரின் பெருமையைக் குடிகள் அண்ணாந்து நோக்கவேண்டும் என்னும் எண்ணத்தைப் புலப்படுத்துவன. வரலாறோ அவ்வெண்ணத்தை நிலைக்கவிடவில்லை. 1945 செப்ரெம்பர் 12இல் யப்பானியரின் சரணாகதியை மவுண்ட்பேற்றன் பிரபு இங்கேயே ஏற்றார். 1951இல் சிங்கப்பூர் மாநகராக உயர்ந்தபோது 'நகர மண்டபம்' என்னும் பெயர் வழங்கலாயிற்று. 1959 யூனில் லீ குவான் யூவின் அமைச்சரவை பதவியேற்றதும் இம்மண்டபத்திலேயாம். பேரரசு தன் மீட்சியைக் கொண்டாடிய இடம் 14 ஆண்டுகளுள் தன்னாட்சியின் வாயிலாயிற்று.

பிரெஞ்சுக் கட்டிடக் கலைஞர் மிலுவின் நிறுவனம் இம்மண்டபத்தையும், அயலிலே 1939இல் கட்டிமுடிந்த உயர் நீதிமன்றத்தையும் இணைத்து ஒரே கலைக்கூடமாக்கியது. சரணாகதி நிகழ்ந்த கூடத்தையும், நீதிமன்றத்தில் கைதிகளை வைத்திருந்த சிற்றறைகள் சிலவற்றையும் அழியாது காத்தமை போற்றத்தக்கது. பெருமையை மட்டுமன்றி, தண்டனையின் சுவட்டையும் காண்போர் அறிகின்றனர். ஆயினும் இரு மாளிகைகளுக்கும் மேலாக விரிக்கப்பட்ட கண்ணாடியும் உலோகமுமான கூரை ஒரு கருத்தை மறைக்கின்றது. நகரசபையும் நீதிமன்றமும் தனித்தனியே நின்றமை, நிருவாகமும் நீதியும் வேறானவை என்பதைக் கண்ணுக்குக் காட்டிற்று. இடையே அமைந்த பாலங்கள் காண்போர்க்கு வசதி தருவன என்பது உண்மையே. எனினும் அவ்வசதிக்கு விலையாக அவ்வேறுபாடு மங்கிவிட்டது.

இக்குறையை ஈடுசெய்வது கட்டிடமன்று, அதனுட் புகுந்த கலையே. சுவா மியா தீ 1959இல் வரைந்த 'தேசிய மொழி வகுப்பு' என்னும் ஓவியம் இக்கலைக்கூடத்தின் உடைமை. மேசையைச் சுற்றி அமர்ந்து மலாய் மொழி பயில்வோரை அது காட்டுகின்றது. கரும்பலகையில் ஒருவரின் பெயரையும் உறைவிடத்தையும் வினவும் இரு வாக்கியங்கள் உள்ளன. கலைக்கூடம் திறந்தபோது நகர மண்டபப் பகுதியில் அமைந்த சிங்கப்பூர் ஓவியக் காட்சிக்கு, பெயரை வினவும் அவ்வாக்கியமே தலைப்பாயிற்று. அமைச்சர்கள் பதவியேற்ற அதே ஆண்டில், ஆளப்பட்ட மக்கள் தம்மைத் தாமே யாரென வினவத் தொடங்கினர் என்பதை இவ்வோவியம் உணர்த்துகின்றது. தமிழும் ஆட்சிமொழிகளுள் ஒன்றாக விளங்கும் அந்நாட்டில் அவ்வினா ஓரினத்தார்க்கு மட்டும் உரியதன்று.

மாளிகையொன்றைச் செப்பனிட்டு ஓவியங்களைத் தொங்கவிடுதல் மட்டும் பண்பாட்டுப் பணியாகாது. அம்மாளிகை யாருக்காக எழுந்தது, இன்று யாருக்கு உரியது என்னும் வினாவையும் அதனுள் எழுப்புதல் வேண்டும். கூரையால் ஒன்றைத் தாழவிட்ட சிங்கப்பூர், ஓவியத்தால் அவ்வினாவை உயர நிறுத்தியிருக்கின்றது.