காசுக்குள் ஒளிந்த காசு

பைசாந்தியச் செப்புக் காசுகளில் என் மனம் போவது, பழைய காசை உருக்காமல் அதன்மேலேயே புது அச்சை அடித்தவற்றின் பக்கம்தான். ஓரம் கோணல், எழுத்துமேல் எழுத்து. ஆனால் படிக்கத் தொடங்கிவிட்டால் கீழே வைக்க மனம் வராது.

பேரரசர் ஹெராக்ளியஸின் (610–641) ஃபோலிஸ் என்ற செப்புக் காசு ஒன்றை எடுத்துக்கொள்வோம். முன்பக்கம் அவரும் மகனும் நிற்கிறார்கள். பின்பக்கம் 40 நும்மிகளை (நும்மி என்பது சிறு காசலகு) குறிக்கும் பெரிய ‘மியூ’ என்ற கிரேக்க எழுத்து. விளக்கைப் பக்கவாட்டில் தாழ்த்திக் காசை மெல்லத் திருப்பினால், அந்த எழுத்தின் கால்களுக்குக் குறுக்கே இன்னொரு கால் சாய்ந்து கிடக்கும். ஓரத்தில் முந்தைய பேரரசர் ஃபோகாஸின் பெயரில் இரண்டெழுத்து மிஞ்சியிருக்கும். 610இல் ஹெராக்ளியஸ் வீழ்த்திக் கொன்ற அதே ஃபோகாஸ்! அடித்தவன் அவசரத்தில் இருந்திருக்கிறான். அந்த அவசரம் நமக்குக் கொடை.

விவரிப்பதிலும் ஒழுங்கு வேண்டும். மேலச்சை முதலில் எழுதி, பிறகு கீழச்சு நிமிரும்படி காசைத் திருப்பி, எஞ்சியது எந்தப் பக்கத்தில், எந்தக் கோணத்தில் என்று குறிக்க வேண்டும். ஒரு வளைவு மட்டும் தெரிந்தால் வளைவு என்றே எழுதுவதுதான் நேர்மை.

பத்து, பதினோராம் நூற்றாண்டுகளில் மன்னர் பெயரே இல்லாமல் கிறிஸ்துவின் உருவத்தோடு ஃபோலிஸ்கள் வந்தன. அவற்றில் எது முந்தியது, எது பிந்தியது என்று அறிஞர்கள் வரிசைப்படுத்த இந்த இரட்டை அச்சுகளே பெரிதும் உதவின. கீழே கிடப்பது மூத்தது. இதைவிட உறுதியான சாட்சி வேறென்ன வேண்டும்?